மூடு என்று சொல்ல வேண்டியவன்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் போன் பண்ணாதே, சொல்ல ஏதாவது இருந்தால் எழுது என்றாய். அப்பாவைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாள் சொன்னது. எட்டு மாதம் ஆகிறது. பேச்சில் உன்னைச் சிரிக்க வைத்தே நான் தப்பித்துவிடுகிறேனாம், எழுதினாலாவது யோசித்து எழுதுவேனாம். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பேனாவை எடுத்தால் எனக்கு வேலை ரிப்போர்ட் தவிர வேறு ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. "லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே மூவர். கதவு சென்சார் பழுது." இருபது வருடமாக நான் எழுதிய இலக்கியம் இவ்வளவுதான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 12 அன்று முழு சூரிய கிரகணம். நிழல் ஆர்க்டிக் கடல் வழியாக இறங்கி வருகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கப்பல் போகிறது. நீச்சல் குளமும் நடன மேடையும் வைத்த உல்லாசக் கப்பல் இல்லை. பனிக்கட்டியை முட்டிக்கொண்டு போகிற தடித்த மூக்குக் கப்பல், மொத்தமே நூற்றுச் சொச்சம் பேர். அதில் இரண்டு படுக்கை உள்ள ஓர் அறையை இரண்டு வருடத்துக்கு முன்பே பதிவு செய்துவிட்டேன். எனக்குக் குடும்பமா குட்டியா, வேறு எதற்குச் சேர்த்து வைப்பது? ஒரு படுக்கை எனக்கு. இன்னொன்று உன் பெயரில் இருக்கிறது.

திட்டு. திட்டி முடித்ததும் மேற்கொண்டு கேள்.

கண் டாக்டர் சொன்னது என்ன? நடுப்பார்வைதான் போனது, ஓரப்பார்வை அப்படியே இருக்கிறது என்றார் இல்லையா? கிரகணம் நடுவில் மட்டும் நடப்பதில்லை, அக்கா. கடல் முழுக்க நிறம் மாறும். அடிவானம் சுற்றிலும் ஒரே நேரத்தில் சிவக்கும். காற்று சட்டென்று குளிரும். அதெல்லாம் ஓரத்தில் நடப்பது. உனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

வாலு, இந்த வரியை அம்மாவுக்கு வாசிக்காதே: எப்படியாவது அவளைச் சம்மதிக்க வை.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாலு மூன்று தடவை வாசித்தாள். முதல் தடவை ஒழுங்காக. இரண்டாம் தடவை உன் குரலில். மூன்றாம் தடவை, வாசிக்காதே என்று நீ எழுதிய வரியையும் சேர்த்து. பத்தொன்பது வயதாகிவிட்டது, மாமாவிடமிருந்து ஏதாவது வந்தால் இன்னும் கால் தரையில் நிற்பதில்லை. போனில் ஒரு செயலி இருக்கிறது, அச்செழுத்தைக் காட்டினால் அதுவே சத்தமாக வாசித்துவிடும். உன் கையெழுத்தைக் காட்டினேன். "எழுத்து எதுவும் இல்லை" என்றது. ஆகவே வாலுதான்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. செருப்பு டப்பாவின் மூடியில் அவள் வரி வரியாகச் சந்து வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சந்துக்குள் தடித்த பேனாவால் எழுதுகிறேன். ஒரு தாளுக்கு எட்டு வரி. தபால் நிலையத்தில் உறையை எடை போடுகிற பெண் நான் நாவல் எழுதி அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கிரகணத்தில் போன கண்ணைக் கிரகணத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாய். உனக்கு ஏதாவது இருக்கிறதா மண்டையில்? ஓரம் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. கதவு நிலை தெரியும். மேஜை விளிம்பு தெரியும். எதிரே நிற்பவரின் காது தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. எதைப் பார்க்கத் திரும்புகிறேனோ அது காணாமல் போய்விடும். பதினான்கு வருடம் மைக்ரோஸ்கோப்பில் ரத்த அணு எண்ணியவள் நான். இப்போது அதே லேபில் போன் எடுக்கிறேன். "ரிசல்ட் வந்துடுச்சா மேடம்?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற பெண்ணைக் கேட்டு, வந்துவிட்டது என்கிறேன். கண் போன மூன்றாம் வருடம் வாலுவின் அப்பாவும் போனார். வேறு ஊர், வேறு குடும்பம். இதற்குமேல் கடலில் போய் எதைப் பார்ப்பது?

உனக்குத் துணை வேண்டும், அதுதான் விஷயம். எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாவும் போனபின் மிச்சம் நாம் இரண்டு பேர்தான். கப்பலைப் பற்றி எழுது, லிஃப்டைப் பற்றி எழுது, சாப்பிட்டதை எழுது, தூங்கியதை எழுது. பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த நாளைப் பற்றி மட்டும் எழுதாதே. ஒரு வரிகூட வேண்டாம். நீ அதை எழுதாதவரை எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

இப்போதைக்கு, வரமாட்டேன் என்றே வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

"இப்போதைக்கு" என்று எழுதியிருக்கிறாய். அதை நான் வரமாட்டேன் என்று படிக்கவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே சம்மதிக்கும்போது இப்படித்தான் சம்மதிப்பாய், ஒரு தட்டு உடைத்துவிட்டு.

கப்பல்காரர்கள் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பியிருக்கிறார்கள். சிவப்புக் கோட்டு அவர்களே தருவார்களாம், முழங்கால்வரை ரப்பர் பூட்சும் தருவார்களாம். கரையில் இறங்க ரப்பர் படகு. படகிலிருந்து காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்துத்தான் இறங்க வேண்டும். ஏறும்போது ஒருவரையொருவர் முழங்கையில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், விரலைப் பிடித்தால் வழுக்கிவிடும். இதற்கு ஒரு படமே போட்டிருக்கிறார்கள். நான் வேலையிடத்தில் ஹெல்ப்பரை வைத்து ஒத்திகை பார்த்தேன். அவன் ஒரு வாரமாக என் பக்கமே வருவதில்லை.

துப்பாக்கி வைத்த ஒருவர் கரடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பாராம். கரடி வந்தால் ஓடக் கூடாதாம். உன் கோபத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பாடமா?

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, உன் பூட்ஸ் அளவு. இரண்டு, உடல்நலப் படிவம். கப்பல் டாக்டருக்குப் போக வேண்டியது. உன் படிவத்தை நானே நிரப்பிக்கொண்டு வருகிறேன். வயது, எடை, மாத்திரை எல்லாம் போட்டாயிற்று. "பார்வைக் குறைபாடு உண்டா?" உண்டு. அதற்குக் கீழே ஒரு கட்டம், "காரணம்" என்று. அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். என்ன எழுதட்டும்?

நீ எழுதாதே என்று சொன்னதை நான் எழுதவில்லை. படிவம்தான் கேட்கிறது.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

பூட்ஸ் 37. தடித்த காலுறை போட வேண்டியிருந்தால் 38.

காரணமா? அப்பாவின் ஸ்டாப் வாட்ச் நின்றுவிட்டது என்று எழுது. பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தபோது நேரம் சொல்ல வேண்டிய வாட்ச் நின்றுவிட்டது. கண் டாக்டரிடம் அதைத்தானே சொன்னோம், அப்பாவிடமும் அதைத்தானே சொன்னோம். கப்பல் டாக்டருக்கு மட்டும் புதிதாக என்ன?

லேபில் பதினெட்டு நாள் லீவு கேட்டேன். மேலதிகாரி எங்கே போகிறீர்கள் என்றார். ஆர்க்டிக் என்றேன். போனில் பேசிப் பேசி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, உடனே கொடுத்துவிட்டார்.

வாலு எனக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்திருக்கிறாள். போட்டால் காது கேட்காது. உன் பேச்சுக்கு வசதி.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரணம் என்ற கட்டத்தில் நீ சொன்னதை எழுதப் போனேன். நான்கு வார்த்தை. பேனா நகரவில்லை. ஒரு வாரமாகத் தினமும் உட்கார்ந்தேன். நேற்று வேறு ஒன்றை எழுதினேன். அதை உனக்குச் சொல்லாமல் அனுப்ப முடியாது. நீ எழுதாதே என்றது எனக்கு மறக்கவில்லை. மன்னித்துக்கொள், இந்த ஒரு தடவை.

அப்பா டிப்போவில் டைம் கீப்பராக இருந்தபோது நமக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாம். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டுமோ அத்தனை மணிக்கு விசில். "நேரம் சொல்றவன் வண்டியில ஏறக் கூடாதுடா. ஏறிட்டான்னா அவன் கண்ணு ரோட்டுக்குப் போயிரும்." சூரியனைப் பார்க்கும்போதும் அதே சட்டம். ஒருவர் வாட்சோடு சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். "எடு" என்றால் கண்ணாடியை எடுக்கலாம். "மூடு" என்றால் மூடிவிட வேண்டும். அடுத்த கிரகணத்தில் ஆள் மாறும். டிப்போ முற்றத்தில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு நம்மை எத்தனை தடவை பழக்கியிருக்கிறார்.

அன்றைக்கு என் முறை. அப்பாவுக்கு முழங்கால் வலி, வாட்சைக் கொடுத்து நம் இருவரையும் அனுப்பினார். அந்தக் குன்றின்மேல் நான் முதுகைக் காட்டித்தான் நின்றேன். நேரம் பார்த்து "எடு" என்றேன். நீ வடிகட்டியைக் கழற்றிவிட்டு பைனாகுலரைத் தூக்கினாய். எல்லோரும் ஐயோ ஐயோ என்கிறார்கள். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "டேய்" என்றாய். அவ்வளவுதான். அந்த "டேய்"யைக் கேட்டதும் நான் திரும்பிவிட்டேன்.

வாட்ச் நிற்கவில்லை, அக்கா. என் கையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. முடிவதற்குப் பத்து விநாடி முன்னால் சொல்ல வேண்டிய "மூடு"வை, வெளிச்சம் வந்து ஏழெட்டு விநாடி கழித்துச் சொன்னேன். ரயிலில் நீ நடுவில் கறுப்பாக இருக்கிறது என்றபோது, வாட்ச் நின்றுவிட்டது என்று என் வாய் தானாகச் சொன்னது. அதன்பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "தம்பியின் கவனக்குறைவு." இதுதான் உண்மை. இனி நம் நடுவில் ஒன்றும் இல்லை. இப்போது நீ என்னோடு வந்தால், உண்மையிலேயே வருகிறாய் என்று அர்த்தம். வா அக்கா.

தம்பி


மே 23

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாலு தரையில் உட்கார்ந்து சோபாவில் சாய்ந்துகொண்டு வாசித்தாள். உன் குரலில்தான் ஆரம்பித்தாள். டிப்போ, டார்ச் லைட்வரை உன் குரல். குன்று வந்ததும் அவள் குரல் ஆகிவிட்டது. பிறகு குரலே இல்லை.

"ஏன்டி நிறுத்திட்ட?"

"அவ்வளவுதான்மா. முடிஞ்சிருச்சு."

"கையெழுத்து போட்டிருக்கானா?"

"ம். அன்புள்ள தம்பின்னு போட்டிருக்கு."

நீ ஒரு நாளும் அப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை. மடியில் இன்னொரு தாள் இருந்ததும் எனக்குக் கேட்டது. கண் இல்லாதவளுக்குத் தாள் சத்தமாவது கேட்காதா?

"வாசி."

"வேணாம்மா."

"வாசிடி."

வாசித்தாள். "வாட்ச் நிற்கவில்லை, அக்கா" என்ற இடத்தில் வரி பாதியில் நின்றது. இருமிவிட்டு மறுபடி அதே வரியை வாசித்தாள். கடைசிவரை வாசித்தாள். "வா அக்கா" என்று என் மகள் என்னைக் கூப்பிட்டாள். பிறகு எழுந்து போய், அலமாரியில் உன்னோடு எடுத்த போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது.

இந்தக் கடிதத்தை எனக்கு யார் வாசிப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? முதல் கடிதத்தில் அவளிடமே பேசியிருக்கிறாய், வாசிக்காதே என்று கிண்டல் வேறு. ஆகவே தெரியாது என்று சொல்லாதே. தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் போன் வாசித்திருக்கும். அது எந்த வரியிலும் நிற்காது. எழுதினால் யோசிப்பாய் என்றுதான் எழுதச் சொன்னேன். என்னைச் சொல்ல வேண்டும்.

நீ எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. வாட்ச் நிற்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ரயிலில் அது என் மடியில் இருந்தது. நீ டீ வாங்க இறங்கியபோது காதில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஓடியது. நிறுத்தி மறுபடி அழுத்தினேன். ஓடியது. நீ திரும்பி வந்தாய். "அதக் குடுக்கா, பையில வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு பெட்டியின் கோடிக்குப் போனாய். வெகுநேரம் கழித்து வந்தாய். மறுநாள் அப்பா கையில் கொடுத்தபோது முள் அசையவில்லை. உன் உண்மையில் இது எங்கே போயிற்று? "இனி நம் நடுவில் ஒன்றும் இல்லை" என்று எழுதுகிறாயே, எப்படி எழுத வந்தது?

அப்பா பத்து வருடம் அந்த வாட்சைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நீ வரும்போது ஒளித்து வைத்துவிடுவார், தம்பி மனசு கஷ்டப்படும் என்று. கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாட்ச்தாம்மா உன் கண்ணைக் கெடுத்துச்சு. நான் பாத்துக் குடுத்திருக்கணும். மன்னிச்சிரும்மா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லப்பா" என்றேன். செய்யாத தப்புக்கு அவரை மன்னித்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். சொன்னால் அவருக்கு மகன் இல்லை, எனக்குத் தம்பி இல்லை. உன்னை வைத்துக்கொள்வதற்காக அப்பாவை அப்படியே போகவிட்டேன். அதனால்தான் அவர் காரியம் முடிந்த மறுநாள் உன் சிரிப்புச் சத்தத்தை என்னால் போனில்கூடத் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குன்றில் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கத்தினார்கள், போதும் போதும் என்று. எனக்கே கூசியது. உன் குரல் வரவில்லை, ஆகவே இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். என் கண் சொன்னதைவிட உன்னை நம்பினேன்.

பாரத்தை இறக்கி வைத்துவிட்டாய். வைத்த இடம் என் மகளின் மடி. நான் வரவில்லை. நீ போ, போகாமல் இரு, உன் இஷ்டம். லேபில் லீவை ரத்து செய்துவிட்டேன்.


ஆகஸ்ட் 12, கப்பலில்

அக்காவுக்கு,

இதைக் கப்பல் அலுவலகத்தில் கெஞ்சி, தட்டச்சு செய்து அச்செடுத்து அனுப்புகிறேன். போனைக் காட்டினால் வாசிக்கும். வாலுவைக் கூப்பிட வேண்டாம்.

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? நீ சொன்னது நடந்ததுதான். பெட்டிக் கோடியில் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வாட்சின் சாவித் திருகை முறுக்கிக்கொண்டே இருந்தேன். உள்ளே ஏதோ அறுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் எழுதாமல் விட்டேன். அப்பா அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை, அக்கா.

உன் படுக்கையை அவர்கள் எடுக்கவில்லை. பெயர் பட்டியலில் இருந்ததால் உன் அளவு பூட்சைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, சிவப்புக் கோட்டையும் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். அறையைச் சுத்தம் செய்பவர் தினமும் அந்தப் போர்வையையும் உதறி மடிக்கிறார். நான் சொல்லியும் பார்த்தேன். அவர் பட்டியலைக் காட்டுகிறார்.

இங்கே இப்போது ராத்திரியே சரியாக வருவதில்லை. மூன்று நாளாக ஒரே மேகம். கேப்டன் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கப்பலை ஓட்டி, இன்று மதியம் ஓர் இடைவெளியைப் பிடித்துவிட்டார். சுற்றிலும் உடைந்த பனி, கப்பல் மெதுவாக உரசிக்கொண்டு நின்றது. எல்லோரும் மேல்தளத்தில். நான் ஒரு முடிவோடு போனேன். முதுகைக் காட்டித்தான் நிற்பது. இரண்டு நிமிடம் பதினேழு விநாடி. திரும்புவதில்லை. அன்று நிற்காததை இன்று நின்றுவிடுவது.

நேரம் சொல்ல ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வழிகாட்டிப் பெண் சிரித்தாள். "ஸ்பீக்கர் சொல்லிடும் சார்." கப்பலே சொல்லிவிடுமாம், எடுக்கவும் மூடவும். ஆள் தேவையில்லை. சரி, யாருக்கும் தேவையில்லாவிட்டாலும் நிற்கிறேன் என்று கைப்பிடிக் கம்பியில் முதுகைச் சாய்த்துக் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளிச்சம் வற்றியது. பனி ஈயம்போல ஆயிற்று. பறவைகள் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டன. ஸ்பீக்கர் சொன்னது. நூறு முகமும் என் தலைக்கு மேலே பார்த்தது. பெரிய பெரிய ஆட்கள், வாயைத் திறந்தபடி அழுகிறார்கள். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு எண்ணினேன். எழுபது. எண்பது. உன்னை நினைத்தேன். அப்பாவை நினைத்தேன். தொண்ணூறு. நூறு.

நூற்றி நான்கில் திரும்பிவிட்டேன்.

யாரும் கூப்பிடவில்லை. யாரும் டேய் என்று சொல்லவில்லை. நானாகத்தான் திரும்பினேன். இரண்டு நிமிடம்கூட உனக்காக என்னால் நிற்க முடியவில்லை, அதுவும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத இடத்தில்.

அழகாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது? வானத்தில் ஒரு கறுப்பு ஓட்டை, அதைச் சுற்றி வெள்ளை மயிர் பறப்பதுபோல. ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு துளி. முதல் தடவையும் இப்படித்தான் இருந்தது. உன் கண்ணுக்காக நான் அழாத மாதம் இல்லை. ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்ததற்காக என்னால் ஒரு தடவைகூட வருத்தப்பட முடிந்ததில்லை. முயன்று பார்த்திருக்கிறேன். வரவில்லை. இன்று அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. உன்னை மறுபடி அந்தக் குன்றில் நிறுத்தி, வாட்சை மறுபடி என் கையில் கொடுத்தாலும் நான் திரும்பித்தான் பார்ப்பேன் போலிருக்கிறது. இப்படி ஒருவன் இருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. இந்தத் தடவை எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி


செப்டம்பர் 14

நீ சொன்னபடியே போன் வாசித்தது. பெண் குரல். பூட்ஸ் அளவையும், நூற்றி நான்கில் திரும்பியதையும் ஒரே மாதிரி வாசித்தது. எங்கும் நிறுத்தவில்லை. வாலு உள்ளறையில் இருந்தாள், இரண்டாம் வரியிலேயே கதவைச் சாத்திக்கொண்டாள். உன்னைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

நீ திரும்பியதில் எனக்குக் கோபம் வரவில்லை. முதல் தடவையாக முழுசாக எழுதியிருக்கிறாய், அதுவும் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

எனக்கு இப்போது வேறு ஒரு தொல்லை. ஜூனில் வாலுவுக்கு இருபது முடிந்தது. நீ வரவில்லை, வந்திருந்தாலும் கதவைத் திறந்திருக்க மாட்டேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது எட்டு வயதில், மேல் பல் ஒன்று பாதி முளைத்தபடி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ வருவாய். அவள் சிநேகிதிகளோடு வெளியே போனதும் நான் கேட்பேன், நீ சொல்வாய். "மூக்கு உன்னோடதுதான்கா, அதே திமிரு." "சிரிச்சா இடது கன்னம் மட்டும் குழியுது." "புருவம் அப்பா மாதிரி, சேர்ந்திருக்கு." ஒன்பது, பத்து, பதினொன்று, பத்தொன்பதுவரை. வருடத்துக்கு ஒரு முகமாக நீதான் எனக்கு அவளை வளர்த்துக் கொடுத்தாய். அந்த முகத்தோடுதான் நான் பேசினேன், சண்டை போட்டேன், தூங்கினேன்.

போன வாரம் அவள் அடுப்படியில் என் எதிரே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல அந்த முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நான் வருத்தப்படுவேன் என்று இவன் எதையாவது சேர்த்துச் சொல்லியிருப்பானோ? எதையாவது விட்டிருப்பானோ? அப்பாவுக்கு நின்றுபோன வாட்ச் ஒன்றைச் செய்து கொடுத்தவன் எனக்கும் ஒரு முகத்தைச் செய்து கொடுத்திருக்க மாட்டானா? அவ்வளவுதான். மூக்கு போயிற்று. கன்னம் போயிற்று. அன்றிலிருந்து திரும்ப வரவில்லை.

கையால் தடவிப் பார்த்தேன். விரலுக்கு எலும்புதான் தெரிகிறது. அவள் என்னம்மா இது என்று விலகிக்கொண்டாள்.

அவளையே கேட்டேன். "ஏன்டி, உன் மூக்கு என் மூக்கு மாதிரியா?"

"ஆமாம்மா" என்றாள். யோசிக்காமல், உடனே சொன்னாள். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு "முடிஞ்சிருச்சு" என்று சொன்னாளே, அதே குரல்.

இனி என் மகளை நான் யாரைக் கேட்டுப் பார்ப்பது?